ஒரு செட்டின் விலை

திருவனந்தபுரத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள கழக்கூட்டத்தை இன்று பலரும் டெக்னோபார்க்கை வைத்துத்தான் அறிவார்கள். 1990-இல் தொடங்கப்பட்ட அது நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பொறியியல் படித்த பிள்ளைகள் வேலைக்கு வந்து சேரும் இடம். வரலாற்று நூல்களில் கழக்கூட்டம் இடம்பெறுவது வேறு காரணத்தால். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேணாட்டு அரசனுக்கே சவாலாக இருந்தவர்கள் எட்டுவீட்டில் பிள்ளைமார் எனப்பட்ட எட்டு நிலக்கிழார் குடும்பத்தினர். அவர்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அந்தக் குடும்பங்களை அடியோடு ஒடுக்கினார். ஆண்கள் கொல்லப்பட்டார்கள், சொத்துகள் பறிமுதலாயின. உள்நாட்டு எதிரிகள் ஒழிந்த கையோடு படை வடக்கே திரும்பியது. கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று சிற்றரசுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1758-இல் மார்த்தாண்ட வர்மா இறந்தபோது, தெற்கு மூலையில் இருந்த ஒரு சிறு நாடு கொச்சியின் எல்லை வரை நீண்ட திருவிதாங்கூராக வளர்ந்திருந்தது.

இத்தகைய வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். ஒரு வெற்றியில் கிடைத்த பொருள் அடுத்த வெற்றிக்கு எவ்வளவு தூரம் உதவியது? பறிமுதல் செய்த நிலத்தின் வருமானம் இல்லாவிட்டால் காயங்குளத்தின் மீது படை சென்றிருக்குமா? வரலாற்றாசிரியரால் இதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றிவிட்டுத் திருவிதாங்கூரின் முப்பது ஆண்டுகளை மறுபடியும் ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் நாடு பிடிக்கும் விளையாட்டுகளில் அதற்கு வழி உண்டு. வரைபடம் அதே, பகடை அதே, ஆட்டக்காரர்களும் அதே. ஒரு விதியை மட்டும் மாற்றினால் போதும். இணையத்தில் விளையாடும்போது ஆட்டம் தொடங்கும் முன்பே அந்த விதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் திரையில் வருகிறது. கையில் சேர்ந்த சீட்டுகளை மூன்று மூன்றாகக் கொடுத்துப் படை வாங்குவதற்கான விதி அது. பெரும்பாலோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு போர் முடியுமா, முடிந்தால் எப்போது, யார் கையால் என்பதைப் பகடையைவிடவும் வரைபடத்தைவிடவும் இந்த விதிதான் தீர்மானிக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

விதியின் பிறப்பிடத்திலிருந்து தொடங்கலாம். ‘சிவப்பு பலூன்’ படத்தை எடுத்த பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர்ட் லமோரிஸ் 1957-இல் உலகை வெல்லும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். 1959-இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் அதை ‘ரிஸ்க்’ என்ற பெயரில் வெளியிட்டது. இன்று இணையத்தில் உள்ள ‘ரிஸ்க்: குளோபல் டாமினேஷன்’, ‘கான்குவர் கிளப்’ போன்ற விளையாட்டுகள் எல்லாம் இதன் வழிவந்தவை. உலகம் 42 நாடுகளாகவும் 6 கண்டங்களாகவும் பிரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் தன் ஆட்டத்தைத் தொடங்கும்போது, கையில் உள்ள நாடுகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து வரும் அளவுக்குப் படை கிடைக்கும். எப்படியும் 3 படைக்குக் குறையாது. ஒரு கண்டம் முழுவதையும் பிடித்து வைத்திருந்தால் அதற்குத் தனி வரவு: ஆசியாவுக்கு 7, ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் 5, ஆப்பிரிக்காவுக்கு 3, தென் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2. தன் முறையில் ஒரு நாட்டையாவது பிடித்தவருக்கு முறை முடியும்போது ஒரு சீட்டு கிடைக்கும். எத்தனை நாடு பிடித்தாலும் சீட்டு ஒன்றுதான்.

சீட்டுக்கட்டில் 44 சீட்டுகள். காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை என்று வகைக்கு 14, அதோடு 2 ஜோக்கர். ஒரே வகையில் மூன்று சேர்ந்தால் ஒரு செட். வகைக்கு ஒன்றாக மூன்று சேர்ந்தாலும் செட். ஜோக்கர் எந்த இடத்தையும் நிரப்பும். செட்டைக் கொடுத்தால் படை கிடைக்கும். முறை தொடங்கும்போது கையில் 5 சீட்டு இருந்தால் ஒரு செட்டைக் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும். ஏன் 5? மூன்று வகைகளில் ஒன்றாவது கையில் இல்லையென்றால், 5 சீட்டுகளும் இரண்டு வகைக்குள் அடங்க வேண்டும். அப்போது ஒரு வகையில் மூன்று இருந்தே தீரும். மூன்று வகைகளும் இருந்தால் வகைக்கு ஒன்றாகச் செட் தயார். ஆக 5 சீட்டு வைத்திருப்பவரிடம் செட் இல்லாமல் இருக்கவே முடியாது. கணிதத்தில் புறாக்கூண்டுக் கோட்பாடு என்று சொல்லப்படும் எளிய உண்மைதான் இந்த விதிக்கு அடித்தளம்.

ஐந்துக்கு முன்பே செட் அமையும் வாய்ப்பையும் துல்லியமாகக் கணக்கிடலாம். 44 சீட்டுகளிலிருந்து 3 சீட்டுகளை எடுக்க 13,244 வழிகள் உண்டு. அவற்றில் 2,744 வழிகளில் வகைக்கு ஒன்று அமையும். 1,092 வழிகளில் ஒரே வகை மூன்று அமையும். 1,764 வழிகளில் ஒரு ஜோக்கராவது இருக்கும். ஜோக்கர் வந்துவிட்டால் மற்ற இரண்டும் எதுவாக இருந்தாலும் செட்தான். மொத்தம் 5,600 வழிகள், அதாவது 42.3 சதவீதம். 4 சீட்டுகள் இருந்தால், ஜோக்கர் இல்லாமல் இரண்டு வகைகளில் இரண்டிரண்டாக வந்தால் மட்டுமே செட் அமையாது. எனவே வாய்ப்பு 81.7 சதவீதமாக உயர்கிறது. 5 சீட்டுகளில் 100 சதவீதம். ஒருவரின் முதல் செட்டுக்குச் சராசரியாக 3.76 சீட்டுகள் தேவைப்படுகின்றன. அதிர்ஷ்டசாலிக்கும் அதிர்ஷ்டம் கெட்டவருக்கும் உள்ள தூரம் இரண்டே சீட்டு, அதாவது இரண்டே முறை. இந்தக் குறுகிய இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிர்ஷ்டம் பற்றிய ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லும்போது இது தேவைப்படும்.

இனி விலை. இணைய விளையாட்டுகளில் செட்டுக்கு விலை வைக்கும் முறைகளில் இரண்டு முதன்மையானவை. முதலாவது நிலைவிலை: மூன்று காலாட்படைக்கு 4, மூன்று குதிரைப்படைக்கு 6, மூன்று பீரங்கிக்கு 8, வகைக்கு ஒன்றாக வந்தால் 10. ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இதே விலை. இரண்டாவது ஏறுவிலை: செட் எந்த வகையானாலும் சரி, ஆட்டத்தில் முதலில் கொடுக்கப்படும் செட்டுக்கு 4, இரண்டாவதற்கு 6, பிறகு 8, 10, 12, 15, அதன்பின் ஒவ்வொரு செட்டுக்கும் 5 கூடிக்கொண்டே போகும். யார் கொடுத்தாலும் விலை எல்லோருக்கும் சேர்த்தே ஏறும். நான் இன்று கொடுக்கும் செட், எனக்கு அடுத்து கொடுப்பவரின் விலையை உயர்த்திவிடுகிறது.

நிலைவிலையில் ஒரு விநோதம் உண்டு. பொதுவாகச் சீட்டாட்டங்களில் அரிதாக அமைவதற்கே மதிப்பு அதிகம். இங்கே அது தலைகீழ். ஜோக்கரை விட்டுவிட்டுப் பார்த்தால், மூன்று சீட்டுகளில் வகைக்கு ஒன்று அமையும் வாய்ப்பு கிட்டத்தட்ட 24 சதவீதம். மூன்றும் காலாட்படையாக அமையும் வாய்ப்பு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஏழரை மடங்கு எளிதாக அமையும் செட்டுக்கு இரண்டரை மடங்கு விலை! காலாட்படையும் பீரங்கியும் கட்டில் சமமாக 14 இருப்பதால் 4, 6, 8 என்ற வேறுபாட்டுக்கும் நிகழ்தகவில் எந்தக் காரணமும் இல்லை. ஆகவே நிலைவிலை ஆட்டத்தில் சீட்டு எழுப்பும் கேள்வி பொறுமை பற்றியது. கையில் மூன்று காலாட்படை இருக்கிறது. இப்போதே 4 படை வாங்குவதா, இன்னும் இரண்டு முறை காத்திருந்து 10 கிடைக்குமா என்று பார்ப்பதா? அடுத்த இரண்டு சீட்டுகளில் ஒன்று குதிரையும் ஒன்று பீரங்கியுமாக வர வேண்டும். வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. எல்லையில் எதிரி நெருக்கிக்கொண்டிருக்கும்போது அந்த 4 படைதான் அறிவுள்ள தேர்வு. அமைதியான மூலையில் இருப்பவர் காத்திருக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும், அடுத்தவருடைய செட்டின் விலை ஒரு படைகூட மாறாது.

இப்போது இரண்டு விலைகளையும் நிலத்தின் வரவோடு ஒப்பிடுவோம். முறைக்கு ஒரு சீட்டு, மூன்று சீட்டுக்கு ஒரு செட். நிலைவிலையில் எவ்வளவு நல்ல செட் வந்தாலும் முறைக்குச் சராசரி 3.3 படைக்கு மேல் சீட்டால் தர முடியாது. ஆட்டத் தொடக்கத்தில் ஆறு பேரில் ஒவ்வொருவரிடமும் 7 நாடுகளும் 3 படை வரவும் இருக்கும்போது இது பெரிய உதவிதான். இருபது நாடுகளும் ஓரிரு கண்டங்களும் கையில் உள்ளவருக்கு இது சில்லறை. நிலைவிலை ஆட்டத்தில் செல்வத்தின் ஊற்று நிலம். சீட்டு துணை வருமானம். ஏறுவிலையில் நிலைமை முற்றிலும் வேறு. உலகின் 42 நாடுகளும் ஒருவரிடமே இருந்தால் நாடுகளுக்கு 14 படை, கண்டங்களுக்கு 24 படை, மொத்தம் 38 படை முறைக்கு வரும். ஏறுவிலைப் பட்டியலில் பதினொன்றாவது செட்டின் விலை 40. அதாவது மூன்றே மூன்று சீட்டுகள், உலகம் முழுவதையும் கட்டி ஆள்பவரின் வரவைவிட அதிகப் படையைத் தருகின்றன. ஆறு பேரும் முறை தவறாமல் ஒரு நாட்டையாவது பிடித்துக்கொண்டிருந்தால் சுற்றுக்குச் சராசரியாக இரண்டு செட் கொடுக்கப்படும். ஒன்பதாம் சுற்றுக்குள்ளேயே அந்தப் பதினொன்றாவது செட் வந்துவிடும். அதன்பின் ஆஸ்திரேலியாவைப் பிடித்து முறைக்கு 2 படை சேர்ப்பது முதன்மையான உத்தியாக இருக்க முடியாது. செல்வத்தின் ஊற்று நிலத்திலிருந்து சீட்டுக்கு இடம் மாறிவிடுகிறது.

ஊற்று இடம் மாறினால் போரின் இலக்கும் மாறும். இந்த விளையாட்டில் ஓர் ஆட்டக்காரரின் கடைசி நாட்டையும் பிடித்து அவரை வெளியேற்றினால் அவர் கையில் உள்ள சீட்டுகள் எல்லாம் வென்றவருக்கு. மூல விதிப்படி, அப்படிக் கிடைத்ததோடு சேர்த்துக் கையில் 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே செட் கொடுத்து, கையில் நான்கோ அதற்குக் குறைவோ ஆகும்வரை படை வாங்க வேண்டும். வாங்கிய படையோடு அதே முறையில் தொடர்ந்து தாக்கலாம். 6-க்குக் குறைந்தால் அடுத்த முறை வரை பொறுத்திருக்க வேண்டும். இந்த ஒரு வரிதான் ஏறுவிலை ஆட்டத்தின் மையம். அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

உங்கள் பக்கத்தில் ஒருவர் ஒடுங்கிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 6 நாடுகள், நாட்டுக்கு 2 படை, கையில் 4 சீட்டுகள். தாக்குபவர் மூன்று பகடையும் காப்பவர் இரண்டு பகடையும் உருட்டும்போது, காப்பவர் இரண்டு படையையும் இழக்கும் வாய்ப்பு 37.2 சதவீதம், தாக்குபவர் இரண்டையும் இழக்கும் வாய்ப்பு 29.3 சதவீதம், ஆளுக்கு ஒன்று இழக்கும் வாய்ப்பு 33.6 சதவீதம். எதிரில் ஒரு படை மட்டும் இருந்தால் தாக்குபவர் வெல்லும் வாய்ப்பு 66 சதவீதம். இவற்றிலிருந்து, 2 படை காக்கும் ஒரு நாட்டைப் பிடிக்க ஏறத்தாழ 1.55 படை இழக்க நேரும் என்று கணக்கு வருகிறது. ஆறு நாடுகளுக்கு ஏறத்தாழ ஒன்பது படை. அதோடு பிடித்த ஒவ்வொரு நாட்டிலும் ஒரு படையை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அது இழப்பில்லை, ஆனால் முன்னே செல்லும் படையின் பலம் அந்த அளவு குறையும். சந்தர்ப்பவசமாக ஒரு நாடு பிடிபடாமல் போனால் செலவெல்லாம் வீண். சீட்டு ஒன்றும் கைக்கு வராது.

இந்தச் செலவு தகுமா? அடுத்த செட்டின் விலை 8 என்றால் தகாது. ஒன்பது படையை இழந்து எட்டுப் படை வாங்கி, நீண்டு மெலிந்த எல்லையோடு நிற்பீர்கள். மூன்றாமவர் வந்து துடைத்துக்கொண்டு போவார். அடுத்த செட்டின் விலை 30 என்றால் கணக்கு மாறுகிறது. உங்களிடம் 2 சீட்டுகள் இருந்தால் அவருடைய 4-ஐயும் சேர்த்து 6. உடனே 30 படை, கையில் இன்னும் 3 சீட்டு மிச்சம். அந்த 30 படையோடு, 3 சீட்டு வைத்திருக்கும் அடுத்தவரை நோக்கித் திரும்பலாம். அவரும் வீழ்ந்தால் கையில் மறுபடி 6. இந்த முறை 35 படை. ஒரே முறையில் மூன்று, நான்கு பேர் வெளியேற, ஆட்டமே முடிந்துவிடுவதும் உண்டு. அதே நேரம், உங்களிடம் 2-க்குப் பதில் 1 சீட்டு இருந்தால் 4-உம் 1-உம் 5. உடனே படை கிடையாது. களைத்த படையோடு, கை நிறையச் சீட்டோடு, ஒரு சுற்று முழுவதும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெற்றிக்கும் அழிவுக்கும் நடுவே ஒரு சீட்டு. ஒடுங்கிக் கிடக்கும் அந்தப் பக்கத்துக்காரரிடம், விலை 8-இலிருந்து 30-க்கு ஏறியதற்கிடையில் புதிதாக எதுவும் சேரவில்லை. அவர் படையும் நாடும் அப்படியே இருக்கின்றன. விலை ஏறியது ஒன்றுதான் அவரை இலக்காக்கியது.

பொறியியலாளர்கள் இதைப் பெருகும் பின்னூட்டம் என்பார்கள்: விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே வலுப்படுத்தும் அமைப்பு. ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் எழும் கிரீச்சொலி இந்த இயக்கத்தால்தான் வருகிறது. நிலைவிலையிலும் இது உண்டு. நாடு கூடினால் வரவு கூடும், வரவு கூடினால் நாடு கூடும். ஆனால் அங்கே பெருக்கம் மெதுவானது, மற்றவர்கள் ஒன்றுகூடி அதைத் தடுக்க நேரம் இருக்கிறது. ஏறுவிலையில் பெருக்கம் ஒரே முறைக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அடக்கும் விசை ஒன்றும் கூடவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செட்டைக் கொடுக்காமல் வைத்திருந்தால் விலை ஏறும் என்று எல்லோரும் காத்திருக்கலாமே? முடியாது. சீட்டின் வகை மறைவாக இருந்தாலும் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். நான்கு சீட்டோடு காத்திருப்பவர் தன் தலைக்கான விலையைத் தானே ஏற்றிக்கொள்கிறார். ஏலச்சீட்டில் கடைசி வரை பொறுத்திருந்து எடுப்பவருக்குத் தொகை அதிகம், இடையில் சீட்டே முறிந்துபோனால் இழப்பும் அவருக்கே அதிகம் என்பது போன்ற நிலை இது. எப்போது கொடுப்பது என்ற முடிவில்தான் ஏறுவிலை ஆட்டத்தின் திறமை முழுவதும் குவிந்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் ஆட்சேபம், இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பது. யாருக்கு எந்தச் சீட்டு வரும் என்பது யார் கையிலும் இல்லை. அப்படியிருக்க விதியை இவ்வளவு ஆராய்வானேன்? ஆனால் முன்பு பார்த்த கணக்கு இதற்கு எதிராக நிற்கிறது. செட் அமைவதில் அதிர்ஷ்டத்தின் பங்கு மூன்றாம் சீட்டுக்கும் ஐந்தாம் சீட்டுக்கும் இடையே அடைபட்டிருக்கிறது. ஏறுவிலையில் செட்டின் வகைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லாததால், எந்தச் சீட்டு வந்தது என்பது எப்போது கொடுக்க முடியும் என்பதை மட்டுமே தொடுகிறது. நிலைவிலையில்தான் அதிர்ஷ்டம் 4-க்கும் 10-க்கும் இடையே விளையாடுகிறது. காட்டுத்தனமாகத் தோன்றும் ஏறுவிலை, சீட்டைப் பொறுத்தவரை சமத்துவம் மிகுந்த விதி என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கணினி சீட்டுகளை ஒழுங்காகக் குலுக்குகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கணக்கெல்லாம் நிற்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் சம வாய்ப்பு தரும் குலுக்கல் முறையை ஃபிஷரும் யேட்ஸும் 1938-இலேயே வகுத்துவிட்டார்கள். அதைப் பிழையின்றி எழுதுவது நிரலாளரின் கடமை.

இரண்டாம் ஆட்சேபம் கனமானது. ஒன்பது சுற்று பாடுபட்டுக் கண்டம் பிடித்து எல்லை காத்தவரின் உழைப்பை, மூலையில் பதுங்கிச் சீட்டுச் சேர்த்தவர் ஒரே முறையில் அடித்துக்கொண்டு போவது நியாயமா? நிலத்தைக் காத்தவருக்குப் பயன் குறைகிறது என்பது உண்மை. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஏறுவிலை வேறோர் உழைப்புக்குக் கூலி தருகிறது. முறைக்கு ஒரு நாட்டையாவது பிடிக்காதவருக்குச் சீட்டு இல்லை. ஆகவே முற்றிலும் பதுங்கியிருப்பவர் வளர முடியாது. யாருக்கு எத்தனை சீட்டு, யார் பலவீனம், அவரை எட்டும் தூரத்தில் யார் படை இருக்கிறது, அவர் வீழ்ந்தால் அந்தச் சீட்டு யார் கைக்குப் போகும் என்று ஐந்து பேரின் நிலையையும் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கிட வேண்டியிருக்கிறது. பலவீனமானவரை விரட்டுவதைவிட, அவர் இன்னொருவர் கைக்கு இரையாகாமல் காப்பதே சில சமயம் சரியான நகர்வு. நிலைவிலை நிலம் காக்கும் திறமையைப் பார்க்கிறது. ஏறுவிலை காலம் அறியும் திறமையைப் பார்க்கிறது. ஒன்றை அளக்கும் கோலால் மற்றதை அளந்து குறை சொல்லக் கூடாது.

நிலைவிலை ஆட்டமும் முடியத்தானே செய்கிறது, பெருகும் பின்னூட்டம் எதற்கு என்பது மூன்றாம் ஆட்சேபம். இருவர் மட்டும் எஞ்சினால் முடியும். மூவர் எஞ்சும்போதுதான் சிக்கல். மூவரிடமும் அறுபது அறுபது படை இருக்கிறது என்று கொள்வோம். பகடையில் தாக்குபவருக்குச் சாதகம் மிகக் குறைவு: ஒவ்வோர் உருட்டலிலும் அவர் சராசரியாக 0.92 படை இழந்து எதிரிக்கு 1.08 படை இழப்பை உண்டாக்குகிறார். ஆகவே ஒருவர் இன்னொருவரைத் தாக்கினால் இருவருமே தேய்வார்கள். கை கட்டி நின்ற மூன்றாமவர் இருவரையும் விழுங்குவார். மூவருக்கும் இது தெரியும் என்பதால் யாரும் நகர மாட்டார்கள். நிலைவிலை தரும் மூன்று படையால் இந்த முட்டுக்கட்டை உடையாது. ஏறுவிலையில் பதினைந்தாவது செட்டின் விலை 60. அறுபது படையை ஒரே முறையில் இரட்டிப்பாக்கிவிடும். காத்திருப்பது பாதுகாப்பு என்ற நிலை போய், காத்திருப்பதே ஆபத்து என்றாகிறது. வரம்பின்றி ஏறும் விலை, எந்தப் படைக்குவிப்பையும் ஒருநாள் அற்பமாக்கிவிடும் என்பதால்தான் ஆட்டத்துக்கு முடிவு உறுதியாகிறது. ‘கான்குவர் கிளப்’பில் இதே சிக்கலை எதிர்த்திசையிலிருந்து தொடும் ஒரு தேர்வும் உண்டு: செட்டைக் கொடுத்தால் படை வராது, அந்தச் சீட்டுகளில் குறித்த நாடுகளில் உள்ள படை அழிந்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரே ஒரு படை மட்டும் அங்கே மிஞ்சும். குவித்து வைத்தவருக்கே அதிக இழப்பு என்பதால் அங்கும் குவிப்பது ஆபத்தாகிறது.

நான்காவது ஆட்சேபம் வரலாற்றின் பக்கத்திலிருந்து வருகிறது. மார்த்தாண்ட வர்மாவின் வெற்றிகளை ஏறுவிலைச் சீட்டாகப் படிக்கலாமா? ஒரு எல்லை வரை படிக்கலாம். பிள்ளைமாரின் சொத்து அரசுக்குச் சேர்ந்தது; பிடித்த நாடுகளின் மிளகு அரசின் தனி வணிகமாகி, படைக்குப் பணமானது; 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது சிறைப்பட்ட டி லனாய் என்ற அதிகாரியே பின்னாளில் திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்தார். வீழ்ந்தவரின் கையிருப்பு வென்றவரின் அடுத்த தாக்குதலுக்குப் பயன்படுவது இங்கே வெளிப்படை. ஆனால் அதற்கு மேல் உவமை தாங்காது. விளையாட்டில் பிடித்த நாட்டில் ஒரு படையை நிறுத்தினால் போதும். உண்மையில் வரி வசூலிக்க ஆள் வேண்டும், கணக்கெழுத ஆள் வேண்டும், கோட்டையைப் பழுதுபார்க்க வேண்டும், மக்களின் கோபத்தைத் தாங்க வேண்டும். வெற்றி பெருகப் பெருக ஆளும் செலவும் பெருகும். பெருகும் பின்னூட்டத்தை அடக்கும் விசை அதுதான். திருவிதாங்கூர் கொச்சியை விழுங்காமல் அதனோடு உடன்பாட்டுக்கு வந்து நின்றுவிட்டதை ஏறுவிலைப் பட்டியலை வைத்து விளக்க முடியாது. இறந்தவர்கள் மறு ஆட்டத்துக்கு வருவதும் இல்லை. விளையாட்டு தருவது வரலாற்றின் மாதிரியை அல்ல. வரலாற்றில் பல இழைகளோடு பின்னிக் கிடக்கும் ஓர் இழையைத் தனியே பிரித்துப் பார்க்கும் வசதியை மட்டும்.

அந்த ஓர் இழையைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்த பாடம் சிறியதில்லை. இரண்டு ஆட்டங்களுக்கும் வரைபடம் ஒன்று, பகடை ஒன்று, சீட்டுக்கட்டு ஒன்று. மாறியது ஒரு விலைப்பட்டியல். அது மாறியதும் செல்வத்தின் ஊற்று மாறியது. ஊற்று மாறியதும் யாரைத் தாக்குவது என்பது மாறியது. பலவீனமானவர் ஒரு விதியில் கவனிக்கப்படாதவராகவும் இன்னொரு விதியில் முதல் இலக்காகவும் ஆனார். ஆட்டக்காரர்களின் குணம் மாறவில்லை, அவர்களுக்குக் கிடைக்கும் பலன் மாறியது. ஒருவரின் கொடூரம், இன்னொருவரின் கோழைத்தனம் என்று நாம் பெயர் வைக்கும் பலவும் விலைப்பட்டியலின் விளைவுகளே. இணைய விளையாட்டை எழுதும் நிரலாளர் ஒரு வரியில் 10 என்ற மாறாத எண்ணையோ, ஐந்தைந்தாகக் கூடும் எண்ணையோ இடும்போது, ஆயிரக்கணக்கானோர் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தப்போகிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். அந்தப் பொறுப்பு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆடுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஆட்டத்தில் நுழையும் முன் பார்க்க வேண்டியது எந்தக் கண்டத்தில் இடம் கிடைத்தது என்பதையல்ல. பதினொன்றாவது செட்டுக்கு என்ன விலை, அது எந்தச் சுற்றில் வரும், அந்தச் சுற்றில் யார் கையில் எத்தனை சீட்டு இருக்கும் என்று முதலில் கணக்கிட வேண்டும். அதைக் கணக்கிட்டவருக்கு, முதல் பகடை உருளும் முன்பே, அந்தப் போர் எந்த வகையில் முடியும் என்பது தெரிந்துவிடும். யார் வெல்வார் என்பது மட்டுமே பாக்கி இருக்கும்.